குதிரைத்தலை ஃபிடிலும் இரட்டைக் குரலும்: பழைய வண்ணாரப்பேட்டையில் மங்கோலிய நால்வர்

மூன்றாவது உருப்படியில்தான் அது பளிச்சென்று தெரிந்தது. பாடகர் அடித்தொண்டையில் ஒரே சுருதியைப் பிடித்து நிற்கிறார். அதற்கு மேலே, யாரோ தூரத்தில் குழல் ஊதுவது போல, இன்னொரு குரல் நடமாடுகிறது. ஓடுகிற சின்னச் சின்ன சுரங்கள் எல்லாம் காதில் விழுகின்றன. மேலே ஏறி எந்த இடத்தில் நின்று கார்வை கொடுத்து நீட்டுகிறாரோ, அந்த இடத்தில் மட்டும் மேல்குரல் ஒரு நொடியில் கரைந்து காணாமல் போகிறது. கீழ்ச்சுருதி நிற்கிறது. பாடகரின் உதடு மாறவில்லை, மூச்சும் தீரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நேரடியாகக் கேட்டது. எட்டாவது வரிசைக்குப் பின்னால் ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்தவர்களுக்குப் பாட்டில் ஓட்டை விழுந்தது.

தவறு பாடகருடையது அல்ல. அரங்கத்து மைக் செட்டில் ஃபீட்பேக்கைத் தானாகவே பிடித்து வெட்டும் பெட்டி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். மைக் கூவ ஆரம்பித்தால், ஒரே அதிர்வெண்ணில் நீளமாக நிற்கும் ஒலி எது என்று தேடி, அந்தப் புள்ளியில் மட்டும் சத்தத்தை அமுக்குவது அதன் வேலை. பேச்சுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நல்ல சாதனம். ஆனால் மங்கோலியர்களின் ஹூமி என்ற இரட்டைக் குரல் பாட்டில் மேலே கேட்கும் குரலும் அதே மாதிரிதான் இருக்கும்: ஒற்றை அதிர்வெண், மெலிந்து கூர்மையாக, அசையாமல் நிற்கும். பெட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. குறுகிய சுரங்களை விட்டுவிட்டது, கார்வைகளை எல்லாம் அறுத்துத் தள்ளியது. பாட்டு முடிந்ததும் விழா ஏற்பாட்டாளர் ஒருவர் மிக்ஸர் பக்கம் ஓடினார்.

"தம்பி, அந்தப் பெட்டிய பைபாஸ் பண்ணுப்பா."

"பண்ணா கூவும்ணா."

"கூவட்டும்பா. அவர் கூவுறதுதான் பாட்டே."

பைபாஸ் செய்து, மேடையில் பாடகரைப் பார்த்து வைத்திருந்த மானிட்டர் இரண்டையும் பாதிக்குமேல் குறைத்து, மைக்கை உதட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு தடவைகூடக் கூவவில்லை. இதை எல்லாம் ஆறரை மணிக்கே செய்திருந்தால் முதல் மூன்று உருப்படிகளும் பிழைத்திருக்கும்.

இனி கச்சேரிக்கு வருவோம். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வந்த நால்வர் குழு: இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். இடம், தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளி அரங்கம், சுமார் 250 இருக்கை. டிக்கெட் 250 ரூபாய், மாணவர்களுக்கு 100. ஒன்றரை மணி நேரத்தில் 11 உருப்படிகள், இடைவேளை இல்லை. கொடுத்த காசுக்கு இரண்டு மடங்கு இசை கிடைத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த இசைக்கு முதுகெலும்பு மொரின் ஹூர் என்ற குதிரைத்தலை ஃபிடில். சரிவகப் பெட்டி, நீண்ட கழுத்து, உச்சியில் செதுக்கிய குதிரைத் தலை, இரண்டே தந்திகள். முன்காலத்தில் பெட்டியின் முகத்தில் தோல் போர்த்தியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மரப்பலகைக்கு மாறியது. மரபுப்படி தந்தி என்பது முறுக்காத குதிரைவால் மயிர்க் கற்றை: தடித்ததற்கு ஆண் குதிரையின் வாலிலிருந்து 130 மயிர், மெல்லியதற்குப் பெண் குதிரையின் வாலிலிருந்து 105. இன்று பெரும்பாலும் நான்கு சுர இடைவெளியில் சேர்க்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் தடித்த தந்தி கீழ்ப் பஞ்சமம், மெல்லியது சட்ஜம். வில்லிலும் மயிர், தந்தியிலும் மயிர். மயிரும் மயிரும் உரசும்போது வருகிற ஒலியில் சுரத்தோடு காற்றும் கொஞ்சம் கலந்திருக்கும். வயலினில் அந்தச் சரசரப்பைக் குறை என்போம். இங்கே அதுதான் குரல்.

இடது கையைக் கவனித்தால் இன்னொன்று புரியும். வயலின் வாசிப்பவர் தந்தியைப் பலகையோடு சேர்த்து அழுத்துவார். ஹூர் வாசிப்பவர் அழுத்துவதே இல்லை. தந்தி பலகையை விட்டு உயரத்தில் நிற்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகத்தின் வேரும் சதையும் சேருமிடத்தால் தந்தியைப் பக்கவாட்டில் தொடுகின்றன. சுண்டுவிரல் ஒரு தந்திக்கு அடியில் நுழைந்து அடுத்ததைத் தட்டும். மூத்த வாத்தியக்காரரின் நடுவிரல் நகத்தில் மேடை விளக்கு பட்டபோது, தந்தி உராய்ந்து உராய்ந்து விழுந்த வழுவழுப்பான தடம் இரண்டாம் வரிசைவரை தெரிந்தது. இப்படி நகத்தால் தொடுவதால்தான் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் இடத்தில் எலும்பு இல்லாத மாதிரி ஒரு குழைவு வருகிறது. வில்லைப் பிடிப்பதும் வேறு மாதிரி: உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் வில்மயிரை உள்ளிருந்து நெம்பி இறுக்கமும் தளர்வும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பிடிதான் சென்னையில் அவர்களைக் காப்பாற்றியது. கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, மாலை ஏழு மணி ஈரக்காற்றில் மயிர் ஈரத்தை உறிஞ்சி நீளும். வில் தொய்யும், தந்தி சுருதி இறங்கும். பறை அடிப்பவர்கள் தோலைத் தீயில் காய்ச்சி ஏற்றிக்கொள்வார்கள். மயிர்த் தந்திக்கு அந்த வசதி கிடையாது. வில்லின் தொய்வை விரலாலேயே சரிக்கட்டினார்கள். தந்திக்கு வேறு வழி வைத்திருந்தார்கள்: மயிர்த் தந்தி போட்ட ஹூர் ஒன்று, நைலான் தந்தி போட்டது ஒன்று. மெதுவான உருப்படிகளுக்கு முதலாவது, வேகமானவற்றுக்கு இரண்டாவது. மயிர்த் தந்தி முதல் அரை மணிக்குள் நன்றாகவே இறங்கியது. இரண்டு தந்தியும் ஒரே அளவில் இறங்காததால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பிரடையையும் திருக வேண்டியிருந்தது. வாத்தியங்களை ஏசி அறையிலிருந்து நேராக மேடைக்குக் கொண்டுவந்ததும் ஒரு காரணம். ஒரு மணி நேரம் முன்னதாகவே மேடைக் காற்றில் திறந்து வைத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

ஹூமியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். எந்தக் குரலிலும் அடிச்சுருதியோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. 150 ஹெர்ட்ஸில் ஒருவர் நிற்கிறார் என்றால் 300, 450, 600 என்று மேலே ஏணி போகிறது. ஹூமி பாடகர் தொண்டையை இறுக்கி, நாக்கையும் உதட்டையும் வைத்து வாய்க்குள் இருக்கும் இடத்தை மாற்றி, அந்த ஏணியில் ஒரே ஒரு படியை மட்டும் தூக்கிக் காட்டுகிறார். மோர்சிங் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மோர்சிங்கில் உலோக நாக்கு செய்வதை இங்கே குரல்நாண் செய்கிறது. குழுவினரும் அதை உணர்ந்தவர்கள் போல, அமன் ஹூர் என்ற தங்கள் மோர்சிங்கில் ஒரு மெட்டை வாசித்து, அதை அப்படியே வெறும் வாயால் திரும்பப் பாடிக் காட்டினார்கள். பாடம் நடத்த இதைவிட நல்ல வழி இல்லை. நடுவில் ஒரு குழந்தை, "யம்மா, வாய்க்குள்ள பீப்பீ வெச்சினு கீறாராம்மா?" என்று கேட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அந்த ஏணியில் எட்டாவது படி சட்ஜம் என்று வைத்தால், ஒன்பதாவது சதுச்ருதி ரிஷபம், பத்தாவது அந்தர காந்தாரம், பன்னிரண்டாவது பஞ்சமம். ஏழும் பதினொன்றும் எந்தச் சுரத்திலும் ஒழுங்காக உட்காராது. அவற்றைப் பாடகர்கள் தாண்டிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது பதின்மூன்றாவது. அது சுத்த தைவதத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் நடுவில் விழும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய மோகன ராகம். அரங்கத்தில் பாதிப் பேர் தலையாட்டியதற்குக் காரணம் இதுதான். மோகனமே பழைய முல்லைப் பண் என்பது நம் இசை ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆநிரை மேய்ப்பவர்களின் திணைக்கு உரிய பண், குதிரையும் ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்களின் தொண்டையில் இயற்கையாகவே ஊறி வருவதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. அந்தத் தைவதத்தில் ஒரு நுணுக்கம்: பாடகர் பதின்மூன்றாவது படியில் நிற்கும்போது ஹூர் தைவதத்தைத் தொட்டால் இரண்டும் மோதிக் கரகரக்கும். அந்த இடம் வந்தபோதெல்லாம் ஹூர் சட்ஜ பஞ்சமத்தோடு ஒதுங்கி நின்றது. பல வருடம் சேர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் இது கைவரும்.

இன்னொரு பாடகர் ஹர்ஹிரா பாடினார். குரல்நாணுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களையும் அதிரவைத்து, வழக்கமான சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் முறை. 140இல் பாடுபவர் 70 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுவார். நெஞ்சுக்கூட்டில் உணர வேண்டிய ஒலி அது. ஆனால் அவருடைய மைக்குக்கு மிக்ஸரில் 'லோ கட்' பட்டன் அழுத்தியே இருந்தது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும் பட்டன் அது. விளைவு, ஜலதோஷம் பிடித்தவர் உறுமுவது போல மூக்கொலி மட்டும் வெளியே வந்தது. ஏழாவது உருப்படிக்கு முன் யாரோ கவனித்து எடுத்துவிட்டார்கள். எடுத்த அடுத்த நொடியே நாற்காலி அதிர்ந்தது.

வீட்டில் முயன்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: வசதியான ஒரு சுருதியில் 'ள்' சொல்வது போல நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டுங்கள். நாக்கை எடுக்காமல், ஒரே மூச்சில், உதட்டை மட்டும் 'ஊ'விலிருந்து 'ஈ'க்கு மிக மெதுவாக நகர்த்துங்கள். எங்கோ ஓரிடத்தில் மெல்லிய விசில் தலைகாட்டும். குளியலறையில் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் டைல்ஸ் ஒட்டிய சுவர் அதைத் திருப்பிக் கொடுக்கும். ஹர்ஹிராவை மட்டும் ஆசான் இல்லாமல் தொட வேண்டாம். தொண்டையைத் தப்பாக இறுக்கினால் இருமலும் குரல் கட்டுவதும்தான் மிஞ்சும்.

மாலையின் உச்சம் உர்தின் தூ, அதாவது நீள்பாட்டு. பாட்டின் நேரம் நீளம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு அசையும் நீட்டப்படுகிறது. நாலு நிமிடப் பாட்டில் பத்துச் சொற்கள்கூட இருக்காது. தாளம் கிடையாது. பாடகி மூச்சு எடுக்குமிடம்தான் அளவு. அதற்கு முன் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். வெக்கையில் சிலர் முனகினாலும் அது மிகச் சரியான முடிவு. விசிறியின் இரைச்சல் ஒரு பக்கம். அதோடு, சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் நீண்ட ஒலி நறுக்கி நறுக்கிக் கேட்கும். நீள்பாட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பாடகி மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நின்று, நெஞ்சுக் குரலிலிருந்து மேல்குரலுக்குத் தாவுகிற இடங்களில் மூச்சையே நிறுத்த வைத்தார். வெட்டவெளியில் அடுத்த மேட்டுக்குக் கேட்க வேண்டும் என்று உருவான குரல் அது. காசிமேட்டுப் பக்கம் வலை இழுக்கும்போது பாடிய அம்பா பாட்டைக் கேட்டவர்களுக்கு, திறந்த வெளி குரலை எப்படி வளைக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அம்பாவில் உழைப்பின் தாளம் உண்டு, இதில் அதுவும் இல்லை. நடுவில் ஒரு ரயில் ஹாரன் நீளமாக அடித்தது. பாடகி அந்தக் கார்வையை ரயில் அடங்கும்வரை விடாமல் பிடித்து, பிறகுதான் இறங்கினார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

யாத்கா என்ற நீளமான தந்தி வாத்தியத்தை வாசித்தவரைப் பற்றிக் குறைவாகவே சொல்ல முடிகிறது. 21 தந்தி, ஒவ்வொன்றுக்கும் அதைத் தாங்கும், நகர்த்தக்கூடிய குதிரை (பிரிட்ஜ்). வாசிப்பு சுத்தம், ஆனால் மைக் சரியான இடத்தில் இல்லாததால் பாதி நேரம் கேட்கவே இல்லை. லிம்பே என்ற பக்கக்குழல் ஒரே உருப்படியில் வந்தது. மகுடிக்காரர் போல மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே வாயால் ஊதும் வித்தை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒலி அறுபடவே இல்லை.

ஒட்டகப் பாட்டு தனியாகக் குறிப்பிட வேண்டியது. ஈன்ற குட்டியைத் தாய் ஒட்டகம் சேர்க்க மறுத்தாலோ, தாயில்லாக் குட்டியை வேறொரு ஒட்டகத்திடம் ஊட்ட விட வேண்டியிருந்தாலோ, இரண்டையும் பக்கத்தில் கட்டி, ஹூர் வாசித்து, 'ஹோஸ், ஹோஸ்' என்று ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பப் பாடித் தாயை இளகவைக்கும் சடங்கு கோபி பாலைப் பகுதி மேய்ப்பர்களிடம் உண்டு. உடனே காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2015இல் இதைச் சேர்த்தது. மேடையில் இதை அலங்கரிக்கலாம், நீட்டலாம். இவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு குரல், ஒரு ஹூர், மூன்று சுரம், ஆறு நிமிடம். கன்றை இழந்த மாட்டைப் பார்த்தவர்கள் அரங்கத்தில் இருந்திருக்க வேண்டும். பின்வரிசையில் ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி உருப்படிக்கு இந்தப் பகுதி இளைஞர் ஒருவர் டோலக்கோடு சேர்ந்தார். யோசனை நல்லது, ஒத்திகை போதவில்லை. ஹூரின் குதிரை ஓட்டம் ஒரு நெடில், இரண்டு குறில் என்று நாலின் நடையில் போகிறது. இங்கே கானா மேடையில் கை பழகிய குத்து பெரும்பாலும் மூன்றின் நடை. முதல் இரண்டு ஆவர்த்தம் இரண்டும் முட்டிக்கொண்டன. டோலக் இளைஞர் கெட்டிக்காரர். மூன்றாவது சுற்றில் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஹூரின் வில் எங்கே அழுத்துகிறது என்று பார்த்து நாலின் நடைக்கு மாறினார். அதற்குப் பிறகு கூட்டம் உட்காரவில்லை. இதே கூட்டணிக்கு இரண்டு நாள் ஒத்திகை கொடுத்தால் அருமையாக வரும். அதற்கு முந்தைய உருப்படியில் லேப்டாப்பிலிருந்து டிரம்ஸ் பதிவை ஓடவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. வாசிப்பவர் மூச்சுக்கு ஏற்ப நெளிய வேண்டிய மெட்டை அது கயிற்றால் கட்டிப்போட்டது.

மற்ற குறைகள்: அறிமுகப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் நீளநீளமாக. பாட்டின் பொருளை நான்கு வரித் தமிழில் அச்சடித்து வாசலில் கொடுத்திருக்கலாம். இன்னொன்று நாற்காலி. விழாக்களுக்கு வாடகைக்கு வரும் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளையே மேடையிலும் போட்டிருந்தார்கள். ஹூரைத் தொடைகளுக்கு நடுவில் சாய்த்து வாசிப்பவருக்கு வில் பக்கவாட்டில் முழு வீச்சில் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் முழங்கை நாற்காலிக் கையில் இடித்தது. இரண்டாவது உருப்படிக்குப் பிறகு வகுப்பறையிலிருந்து ஸ்டூல் வந்தது.

நாளை ஞாயிறு மாலையும் இதே அரங்கம், இதே நேரம். போகிறவர்கள் நடுவில் நான்காவது முதல் ஏழாவது வரிசைக்குள் இடம் பிடியுங்கள். மேல்குரல் நேராகப் போகிற ஒலி, ஓரத்தில் உட்கார்ந்தால் மெலியும். பால்கனிக்கு அடியில் வேண்டவே வேண்டாம். ஏற்பாட்டாளர்களுக்கு: ஹூருக்கு ஒலித்துளையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு கன்டென்சர் மைக் போதும், பெட்டியில் ஒட்டும் பிக்கப் சரசரப்பைக் கடூரமாக்கிவிடும். யாத்காவுக்கு மைக்கை மேலிருந்து குதிரைகளுக்கும் வாசிக்கும் கைக்கும் நடுவில் காட்டுங்கள். எக்கோவை முற்றிலும் எடுத்துவிடுங்கள். நீள்பாட்டுக்கும் ஒட்டகப் பாட்டுக்கும் மைக்கே வேண்டாம், 250 பேர் அரங்கத்துக்கு அந்தக் குரல் தாராளம். ஸ்டூல் நான்கையும் ஐந்து மணிக்கே மேடையில் போட்டு வையுங்கள்.